பற்றரியைக் குறை சொல்வதற்கு முன்

மன்னார்க் கரையோரக் கிராமங்களுக்கு மருந்து கொண்டுசெல்லும் வான் ஒன்று எமக்குத் தெரியும். பழைய டீசல் வான். பின்பக்கத்து ஆசனங்களைக் கழற்றிவிட்டு ஒரு ஒடுங்கிய கட்டில், ஒரு மேசை, கை கழுவும் தொட்டி, அதற்குத் தண்ணீர் ஏற்றும் சிறு மோட்டார், இரண்டு மின்விசிறி, இரண்டு விளக்கு, மருந்து வைக்கும் சிறு பிரிட்ஜ் என்பவற்றைப் பூட்டியிருந்தார்கள். வெளிநாடுகளில் மக்கள் விடுமுறைக்கு ஓட்டிச்செல்லும் வீட்டு வண்டிகளிலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். எஞ்சினை இயக்க ஒரு பற்றரி. பின்பக்கத்துச் சாமான்களுக்கு 100 அம்பியர்-மணி கொண்ட இரண்டாவது பற்றரி.

பிரிட்ஜ் இரவில் நின்றுவிடும். அதுதான் முறைப்பாடு. காலையில் மிஸ்ஸி கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே அறையின் சூடுதான் இருக்கும். இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கப்படவேண்டிய மருந்து. எவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தது என்று தெரியாத மருந்தை நோயாளிக்கு ஏற்ற மனம் வராது. இரண்டு முறை எறிந்தார்கள். ஒவ்வொரு முறையும் பற்றரியையும் மாற்றினார்கள். மாற்றிய சில நாட்களுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கும். பிறகு பழையபடி.

"அண்ணை, இது மூன்றாவது பற்றரி. இதுவும் எத்தனை நாளைக்கு இருக்குமோ தெரியாது" என்றார் சாரதி. "கடைக்காரர் பற்றரி செத்துப்போச்சு எண்டுதான் சொல்லுறார். மீற்றர் வைச்சுக் காட்டினவர்."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பற்றரி செத்தது உண்மைதான். ஆனால் அதைக் கொன்றது வேறொன்று. அது கண்டுபிடிக்கப்படும்வரை நான்காவது பற்றரியும் அதே வழியிற் போயிருக்கும். இந்தப் பாடத்தை அந்த வானை வைத்தே நடத்துவோம். வான் இல்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடவேண்டாம். உழவு இயந்திரத்திலும், வெளியிணைப்பு இயந்திரப் படகிலும், முச்சக்கர வண்டியிலும், கூரையிற் சூரிய மின்தகடு பூட்டிய தோட்டக் கொட்டிலிலும் இருப்பது இதே 12 வோல்ற் மின்சாரந்தான், குறைகளும் இவையேதான்.

சிறிய அழுத்தம், பெரிய ஓட்டம்

வீட்டு மின்சாரம் 230 வோல்ற். வீட்டில் 60 வாற்று மின்குமிழ் ஒன்று எரியும்போது வயரில் ஓடுவது கால் அம்பியர் அளவுதான். அதே 60 வாற்றை 12 வோல்ற்றில் பெறவேண்டுமானால் 5 அம்பியர் ஓடவேண்டும். வேலை ஒன்று, ஓட்டம் ஏறக்குறைய இருபது மடங்கு.

ஓட்டம் எங்கே தடைப்படுகிறதோ அங்கே வோல்ற் விழும். ஓட்டத்தைத் தடையாற் பெருக்கினால் விழும் வோல்ற் வரும். இதற்குமேல் கணக்கு வேண்டியதில்லை. 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயரின் தடை மீற்றருக்கு ஏறக்குறைய 0.0115 ஓம். பற்றரியிலிருந்து 10 மீற்றர் தூரத்தில் ஒரு சாமான் இருந்தால் போக 10, வர 10, மொத்தம் 20 மீற்றர். தடை 0.23 ஓம். 5 அம்பியர் ஓடினால் 1.15 வோல்ற் வழியிலேயே போய்விடும். அதே வயரில் வீட்டு மின்குமிழுக்கு விழுவது 0.06 வோல்ற். 230இல் 0.06 குறைந்ததை எவரும் உணரமாட்டார். 12இல் 1.15 குறைந்தால் விளக்கு மங்கும், மோட்டார் முனகும், பிரிட்ஜ் நின்றுவிடும்.

ஆகவே வீட்டுக்கு வயர் இழுத்துப் பழகிய மின்தொழிலாளர், எவ்வளவு கெட்டிக்காரராயினும், வானிலும் படகிலும் தவறுவதுண்டு. கடையில் 1/1.13 என்று கேட்டு வாங்கும் ஒற்றைக் கம்பி வயர் வீட்டு விளக்குக்குப் போதும். வானுக்கு அது இருவகையிற் பொருந்தாது. மெல்லியது என்பது ஒன்று. ஒற்றைக் கம்பி அதிர்வில் முறியும் என்பது மற்றொன்று. வாகனத்துக்குப் பல மெல்லிய இழைகள் சேர்ந்த வயரே வேண்டும். பிரிட்ஜுக்கு 4 அல்லது 6 சதுர மில்லிமீற்றர் போட்டாற் பிறகு அதைப்பற்றி நினைக்கத் தேவையில்லை.

மூடிய குழாயில் அழுத்தம் குறையாது

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இது விளங்கும். குழாயின் நடுவே எங்கோ மடிப்பு விழுந்திருக்கிறது. நுனியைக் கையாற் பொத்திப் பிடித்தால் அங்கும் தள்ளும் பலம் முழுவதும் இருக்கும். கையை எடுத்தவுடன் வருவது சிறு நீரோட்டம். தண்ணீர் ஓடும்போதுதான் மடிப்பு தன்னைக் காட்டும்.

மின்சாரமும் அப்படியே. எல்லாச் சுவிச்சையும் நிறுத்திவிட்டு மீற்றரை வைத்தால், அழுகிப்போன இணைப்புக்கு அப்பாலும் 12.5 வோல்ற் அழகாகக் காட்டும். ஓட்டம் இல்லை, ஆதலால் வீழ்ச்சியும் இல்லை. "எல்லா இடத்திலும் 12 வோல்ற் வருகுது, வயரிங் சரி" என்று பலர் தீர்மானிப்பது இவ்விடத்திலேதான். இந்த ஒரு பிழையால் வாங்கப்பட்ட பற்றரிகளை அடுக்கினால் ஒரு மதிலே கட்டலாம்.

எனவே முதல் விதி: குறை காட்டும் சாமானை ஓடவிட்டுக்கொண்டே அளக்கவேண்டும். விளக்கு மங்குகிறதா, விளக்கைப் போட்டபடி அளவுங்கள். பிரிட்ஜ் நிற்கிறதா, அது தொடங்க முயலும் வேளையில் அளவுங்கள். பாடசாலைப் புத்தகம் பல்மானி என்று சொல்லும் மல்ரிமீற்றர் ஒன்று போதும். மிக மலிவானதும் இந்த வேலைக்குப் போதுமானது. நேரோட்ட வோல்ற்றில், 20 என்ற அளவில் வையுங்கள்.

இரண்டு வோல்ற் எங்கே போனது?

நாங்கள் அந்த வானில் செய்ததை அப்படியே சொல்கிறோம். பிரிட்ஜையும் மின்விசிறிகளையும் ஓடவிட்டோம். பற்றரியின் இரு முனைகளிலும் மீற்றரை வைத்தோம். 12.3 வோல்ற். ஓடிக்கொண்டிருக்கும் பற்றரிக்கு இது நல்ல அளவு. பிறகு பிரிட்ஜின் வயர்கள் பூட்டப்படும் இடத்தில் வைத்தோம். 10.3 வோல்ற். இவ்வகைப் பிரிட்ஜ்கள் பற்றரியைக் காப்பதற்காக வோல்ற் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கியதும் தாமாகவே நின்றுவிடும். அந்த எல்லை அநேகமாக 10 வோல்ற்றுக்குச் சற்று மேலேதான் இருக்கும். ஆகப் பிரிட்ஜிலும் பிழையில்லை. அது தனக்குச் சொன்னபடி நடந்திருக்கிறது.

பற்றரியில் இருந்து புறப்பட்ட 2 வோல்ற் வழியிற் காணாமற் போயிருக்கிறது. அதைத் தேடும் முறைதான் இந்தப் பாடத்தின் உயிர். மீற்றரின் சிவப்பு ஊசியைப் பற்றரியின் நேர்முனையில் வையுங்கள். கறுப்பு ஊசியைப் பிரிட்ஜின் நேர்முனையில் வையுங்கள். இரண்டும் ஒரே வயரின் இரு நுனிகள் அல்லவா? நல்ல வயராயின் மீற்றர் பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டும். அது காட்டும் அளவு எவ்வளவோ அவ்வளவும் அந்தப் பாதையிற் களவு போகிறது. அங்கே 0.5 வோல்ற் காட்டியது. இதேபோல எதிர்முனையிலிருந்து எதிர்முனைக்கு வைத்தோம். 1.5 வோல்ற்! இரண்டையும் கூட்டினால் காணாமற்போன 2 வோல்ற் கணக்குச் சரி. கணக்குச் சரிவராவிட்டால் எங்கோ பிழையாக அளந்திருக்கிறீர்கள், திரும்ப அளவுங்கள்.

ஊசி நீளாது என்பது ஒரு சின்னச் சிக்கல். ஒரு நீண்ட மெல்லிய வயரை ஊசியுடன் முறுக்கி நீட்டிக்கொள்ளலாம். மீற்றர் எடுக்கும் ஓட்டம் மிகச் சொற்பம். ஆதலால் அந்த வயர் எவ்வளவு மெல்லியதாயினும் அளவு மாறாது.

இனிப் பாதையைத் துண்டு துண்டாகப் பிரிக்கவேண்டியதுதான். பிரிட்ஜின் எதிர்முனை வயர் பின்பக்கத்தில் வானின் இரும்பு உடலோடு பூட்டப்பட்டிருந்தது. அந்தத் துண்டில் 0.2 வோல்ற். இரண்டாவது பற்றரியின் கறுப்பு வயர் ஆசனத்தின் கீழே ஒரு போல்ற்றினால் வானின் உடலோடு பூட்டப்பட்டிருந்தது. பற்றரி முனைக்கும் அந்த இரும்புக்கும் இடையில் 1.3 வோல்ற். ஒரு சாண் நீளமில்லாத வயர்! போல்ற்றைத் தொட்ட சாரதி கையை இழுத்துக்கொண்டார். 5 அம்பியர் ஓடும் இடத்தில் 1.3 வோல்ற் விழுந்தால் அங்கே ஆறரை வாற்று வெப்பம் பிறக்கும். சூடான இணைப்பைத் தேடுவதற்குக் கையே நல்ல மீற்றர் என்று பழைய தொழிலாளர் சொல்வது இதனாலேதான். முதலில் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு தொடுங்கள்.

கழற்றிப் பார்த்தோம். மேலிருந்து பார்க்க நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. கீழே வயரின் லக்குக்கும் இரும்புக்கும் இடையில் பெயின்ற். வானுக்குப் பெயின்ற் அடித்தவர்கள் அதற்கு மேலேயே பூட்டியிருக்கிறார்கள். நட்டின் பல் கீறிய சிறு இடத்தில் மட்டும் இரும்பு தொட்டுக்கொண்டிருந்தது. மன்னார் உப்புக் காற்றில் அந்த இடமும் துருப்பிடித்துவிட்டது. அரத்தாளால் இரும்பை வெளிச்சம் வர உரசி, லக்கையும் உரசி, பல் வைத்த வாசர் ஒன்று போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசினோம். கிறீஸ் பூசுவது இறுக்கிய பிறகே. அந்த இணைப்பில் வீழ்ச்சி 0.1 வோல்ற்றுக்கும் கீழே போயிற்று.

நேர்ப் பக்கத்தில் போன அரை வோல்ற்றில் பெரும்பகுதி பியூஸ் பெட்டியில். கண்ணாடிப் பியூசைப் பிடித்திருந்த தகடுகள் பச்சை படிந்து தளர்ந்திருந்தன. அதை மாற்றினோம். அன்று மாலை பிரிட்ஜ் ஓடும்போது அதன் முனைகளில் 12 வோல்ற் நின்றது.

இனி அந்த மூன்று பற்றரிகளின் கதை விளங்கும். புதுப் பற்றரி நிறைந்திருக்கும்போது 12.6, 12.7 வோல்ற் தரும். அதில் 2 போனாலும் பிரிட்ஜ் மட்டுமட்டாக ஓடும். "பார்த்தீர்களா, பற்றரிதான் பிழை" என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் எஞ்சின் ஓடும்போது பற்றரியை நிரப்பவேண்டிய மின்சாரமும் அதே போல்ற்றினூடாகவே திரும்பவேண்டும். முன்பக்கப் பற்றரியில் 14.2 வோல்ற் இருக்க, இரண்டாவதில் 13 மட்டுமே இருந்தது. நாளாந்தம் அரைவயிறு. நிறையாமலே கிடக்கும் ஈயப் பற்றரியின் தகடுகளில் வெண்படிவு இறுகிக் கட்டியாகும். அதன்பின் அது உண்மையாகவே செத்துவிடும். கடைக்காரரின் மீற்றர் அதைத்தான் காட்டியது.

வானின் உடலும் ஒரு வயர்தான்

வாகனங்களில் திரும்பிவரும் பாதைக்குத் தனி வயர் போடுவது குறைவு. வாகனத்தின் இரும்பு உடலே அந்த வேலையைச் செய்கிறது. இதைத்தான் ஏர்த் என்கிறோம். எங்கள் அனுபவத்தில் மங்கும் விளக்கு, முனகும் மோட்டார் என்பவற்றில் பாதிக்குமேல் ஏர்த் பக்கத்துக் குறைகளே. காரணம் எளிது. நேர் வயரைப் பூட்டுபவர் கவனமாகப் பூட்டுவார். தீப்பொறி வரும் என்ற பயம். கறுப்பு வயரை எங்கேயாவது ஒரு திருகாணியின் கீழ்ச் செருகிவிடுவார்.

ஏர்த் கெட்டால் விநோதமான அறிகுறிகள் வரும். தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் விளக்கு மங்கும். ஒரு பக்கத்துச் சமிக்ஞை விளக்கைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிக்கும். ஓட்டம் தன் வழியை இழந்து வேறு சாமான்களினூடாகத் திரும்பப் பார்க்கிறது. இப்படிப்பட்ட விநோதத்தைக் கண்டால் வேறெதையும் தொடமுன் கறுப்பு வயர்கள் எல்லாவற்றையும் பாருங்கள். படகுகளில் உடல் பைபர். அதனூடாக மின்சாரம் திரும்பாது. எனவே இரு வயரும் முழு நீளத்துக்கும் வேண்டும்; இரண்டும் ஒரே தடிப்பாயிருக்கவும் வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடிய ஏ40 கார்களிலும் மொறிஸ் மைனர்களிலும் உடலோடு பூட்டப்பட்டது நேர்முனை. இன்றைய சாமான்களை வழக்கம்போல அவற்றிற் பூட்டினால் தலைகீழாகும், புகைதான் வரும்.

மீற்றர் இல்லாவிட்டால்

1990களில் வடக்கில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். கையில் இருப்பதைக்கொண்டு சமாளிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. வாகனத்தின் பிறேக் விளக்கிலுள்ள 21 வாற்று மின்குமிழ் ஒன்றை எடுத்து இரண்டு வயர் பூட்டிக்கொள்ளுங்கள். அதைப் பற்றரி முனைகளில் நேரே பிடித்து வெளிச்சத்தைப் பாருங்கள். பிறகு குறையுள்ள இடத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே சிவந்து மங்கினால் பாதையிற் குறை. சிவப்பு வயரை அங்கேயே வைத்துக்கொண்டு, கறுப்பை நீண்ட வயரால் நேரே பற்றரியின் எதிர்முனைக்குக் கொண்டுபோங்கள். இப்போது பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி ஏர்த்.

எல்.ஈ.டி. பூட்டிய சோதனைப் பேனாவை இதற்குப் பயன்படுத்தவேண்டாம். எல்.ஈ.டி. மிகச் சொற்ப ஓட்டத்திலும் ஒளிரும். அழுகிய இணைப்புக்கு அப்பாலும் அது "சரி" என்றே சொல்லும். இழை சிவந்து எரியும் பழைய மின்குமிழ் தானே ஒரு சுமையாயிருப்பதால் பொய் சொல்லாது.

இன்வேர்ட்டர் கத்தும்போது

12 வோல்ற்றை 230 ஆக மாற்றும் இன்வேர்ட்டர் பெட்டியை இப்போது பலர் வாங்குகிறார்கள். 500 வாற்று வேலை செய்யும்போது அது பற்றரியிலிருந்து 45 அம்பியருக்கு மேல் இழுக்கும். பற்றரி நிறைந்திருந்தும் அது கீச்சிட்டு நின்றால், பெட்டியுடன் வந்த வயரைப் பாருங்கள். அதை வெட்டி நீட்டியிருக்கிறீர்களா? 45 அம்பியர் ஓடும்போது 0.02 ஓம் தடைகூட முக்கால் வோல்ற்றுக்கு மேல் விழுத்தும். பெட்டியைப் பற்றரிக்குக் கிட்டக் கொண்டுவந்து, நீட்டவேண்டிய நீளத்தை 230 வோல்ற் பக்கத்தில் நீட்டுங்கள். இன்னொன்று: சாதாரண மின்குமிழ் வோல்ற் குறைந்தாற் குறைவாக இழுக்கும். இன்வேர்ட்டரும் பிரிட்ஜும் அப்படியல்ல. வோல்ற் குறையக் குறைய அதிகமாக இழுத்து வீழ்ச்சியை மேலும் கூட்டும். வெளியே வரும் 230 வோல்ற் வீட்டு மின்சாரத்தைப் போலவே ஆளைக் கொல்லும் என்பதையும் மறக்கவேண்டாம்.

பியூஸ் வயருக்காக

12 வோல்ற் உடலைத் தாக்காது. ஆனால் தீ மூட்டும். ஒரு வாகனப் பற்றரி குறுக்குச் சுற்றில் நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரு கணத்தில் தரவல்லது. ஆசனத்தின் இரும்பு விளிம்பில் உரசி உரசித் தோல் போன சிவப்பு வயர் ஒன்று, நடுவே பியூஸ் இல்லாவிட்டால், அடுப்புக் கம்பிபோலச் சிவக்கும்.

புத்தகம் உருகி என்று கூறும் பியூஸ் சாமானைக் காப்பதற்காக வைக்கப்பட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பதற்கு. எனவே அதன் இடம் பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள். வானின் பின்மூலையில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவிலுள்ள வயருக்குக் காவல் இல்லை. தகட்டுப் பியூசில் 10 அம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. நீலம் எரிந்துபோனால் நீலமே போடவேண்டும். பச்சையைப் போட்டு "இனி எரியாது" என்பவர், இனி எரியப்போவது வயர் என்பதை அறியாதவர். சிகரெட் தாளின் ஈயக்கடதாசியும் செப்புக் கம்பியும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நாம் திறந்துபார்த்த பியூஸ் பெட்டிகளில் அவை இருந்தன.

வயர் தகட்டுத் துளையினூடாகப் போகுமிடத்தில் றப்பர் வளையம் போடுங்கள். வயரை முறுக்கி ரேப் சுற்றுவது இணைப்பு அல்ல. வெயிலில் ரேப்பின் பசை இளகி ஓடும். உப்புக் காற்று உள்ளே போகும். உரிய குறட்டினால் நெரித்துப் பிடித்த லக்கே வேண்டும்.

பற்றரி நிறைகிறதா?

எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ற் வரை வரவேண்டும். 13க்குக் கீழே என்றால் ஓல்ரனேற்றர், அதன் பெல்ற், வயர் என்பவற்றில் ஏதோ குறை. 15க்கு மேல் என்றால் ஒழுங்காக்கி பழுது. பற்றரி கொதித்துத் தண்ணீர் வற்றும். இரண்டு பற்றரி உள்ள வண்டியில் இரண்டிலும் தனித்தனியே அளக்கவேண்டும். முன்னதில் சரி, பின்னதிற் குறைவு என்றால் நடுவிலுள்ள வழியைத் தேடுங்கள். சிலர் இரண்டையும் பிரிக்க டயோட்டுப் பெட்டி பூட்டியிருப்பர். அது தன் பங்குக்கு 0.6, 0.7 வோல்ற் எடுத்துக்கொள்ளும். பின்பக்கப் பற்றரி ஒருபோதும் நிறையாது. எஞ்சின் ஓடும்போது மட்டும் இணைக்கும் ரிலேயே நல்லது. எரிபொருளை மிச்சப்படுத்த ஓல்ரனேற்றரின் வோல்ற்றைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் புது வாகனங்களுக்கு அதுவும் போதாது. அவற்றுக்கு நேரோட்டத்தை உயர்த்தித் தரும் தனி நிரப்பி வேண்டும்.

சூரியத் தகடு பூட்டுபவர்கள் கட்டுப்படுத்திப் பெட்டிக்கு முதலில் பற்றரியையும் பிறகு தகட்டையும் இணைக்கவேண்டும். கழற்றும்போது தகடு முதலில்.

நிறுத்தி வைத்த வண்டியின் பற்றரி இரண்டு மூன்று நாளில் இறங்கினால் எதுவோ களவாக இழுக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்தி, பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீற்றரை 10 அம்பியர் அளவில் வையுங்கள். 0.05 அம்பியருக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அரை அம்பியர் என்றால் ஒரு நாளில் 12 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணிப் பற்றரி எட்டு நாளிற் காலி. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அந்தப் பாதையிற் கள்வன் இருக்கிறான். மீற்றர் அப்படி இருக்கும்போது எஞ்சினைத் தொடக்கினால் மீற்றர் எரிந்துபோகும்.

கடைசியாகப் பற்றரி

இத்தனையும் பார்த்த பிறகே பற்றரிக்கு வாருங்கள். முழுதாக நிரப்பி, சில மணி நேரம் எதுவும் இழுக்காமல் விட்டு அளவுங்கள். 12.6 அல்லது சற்று மேல் என்றால் நிறைவு, 12.2 பாதி, 12க்குக் கீழ் என்றால் ஏறக்குறையக் காலி. நிரப்பிய உடனே அளந்தால் மேற்பூச்சாக அதிகம் காட்டும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஈயப் பற்றரிக்கு ஆயுள் குறையும். வாகனத்தைத் தொடக்குவதற்கென்று செய்த மெல்லிய தகட்டுப் பற்றரிக்கு இன்னும் வேகமாகக் குறையும்.

மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் ஹைட்ரோமீற்றரே மேலான சாட்சி. ஆறு அறைகளையும் பாருங்கள். 1.250க்கு மேல் நிறைவு. ஐந்து அறைகள் 1.250 காட்ட ஒன்று மட்டும் 1.180 என்றால் அந்த அறை போய்விட்டது. அப்போது பற்றரியை மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும். கிணற்று நீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் தகடுகளைக் கெடுக்கும். முனைகளில் பூத்த வெண்பொடியை அப்பச் சோடாக் கரைசலாற் கழுவுங்கள். கரைசல் அறைக்குள் போகக்கூடாது. பிறகு துடைத்து, உரசி, இறுக்கி, வசிலின் பூசுங்கள்.

நிரம்பும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும். பக்கத்திற் சுருட்டோ லாம்போ வேண்டாம். கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், பூட்டும்போது கறுப்பு கடைசியில். கையிலுள்ள மோதிரத்தையும் கழற்றி வையுங்கள்; ஸ்பானருக்கும் முனைக்கும் நடுவில் அகப்பட்ட மோதிரம் விரலோடு சேர்ந்து வேகும். இப்போது வரும் லிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரிகளுக்கு மேலே சொன்ன வோல்ற் அட்டவணை பொருந்தாது. அவை கிட்டத்தட்டக் காலியாகும்வரை 13 வோல்ற் அளவிலேயே நிற்கும். வயர், ஏர்த், பியூஸ் பற்றிச் சொன்னவை அவற்றுக்கும் உண்டு.

மன்னார் வானின் மூன்றாவது பற்றரியை ஒருநாள் முழுவதும் வெளியே நிரப்பி மீண்டும் பூட்டினோம். பிரிட்ஜின் கதவில் ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் மிஸ்ஸி. ஒவ்வொரு காலையும் உள்ளேயுள்ள வெப்பநிலை, பிரிட்ஜ் ஓடும்போது அதன் முனையில் வோல்ற், இரண்டும் எழுதப்படும். முதல் பற்றரி பழைய இரும்புக்காரரிடம் நிறைக்குப் போய்விட்டது. இரண்டாவது அலுவலகத்தின் பின்னால் ஒரு தகரத்தின் கீழே கிடந்தது. அதைச் சோதித்தோம். நான்கு அறைகள் நன்று, இரண்டு எழும்பவில்லை. அமிலத்தை நிலத்தில் ஊற்ற நினைத்த இளைஞரைத் தடுத்து, அமிலத்தோடும் ஈயத்தோடும் அப்படியே பழைய பற்றரி வாங்கும் கடைக்குக் கொடுத்தோம், பக்கத்திலேதான் கிணறு.